ஐம்பத்தோரு நிமிடங்கள்: எச்சரிக்கை வந்து சேர்ந்தும் முடிவு வராத ஒரு பள்ளி

ஜப்பானின் வடகிழக்கில், மியாகி மாநிலத்தில் இஷினோமாகி என்ற நகரம் இருக்கிறது. அதன் எல்லைக்குள் இருந்த ஓகாவா தொடக்கப் பள்ளியில் 2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2.46-க்கும் 3.37-க்கும் இடையே நடந்ததைப் பற்றிய ஆய்வு இது. அந்தப் பள்ளியின் 108 மாணவர்களில் 74 பேர் சுனாமியில் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அப்போது பள்ளியில் இருந்த 11 ஆசிரியர், பணியாளர்களில் 10 பேர் இறந்தார்கள்.

அந்த நாளில் ஜப்பான் முழுவதிலும் ஏறத்தாழ 18,500 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். அவ்வளவு பெரிய அழிவில் இந்த ஒரு பள்ளியைத் தனியாக எடுத்துப் பேசக் காரணம் உண்டு. அன்று கடலோரப் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர்கள் குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆசிரியர்களின் பொறுப்பில் இருந்தபோதே உயிரிழந்த குழந்தைகள் என்று பார்த்தால், ஏறக்குறைய அத்தனை பேரும் இந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். எச்சரிக்கை கிடைக்கவில்லை என்றோ நேரம் போதவில்லை என்றோ மலை தூரத்தில் இருந்தது என்றோ சொல்ல வழியில்லை. எச்சரிக்கை, நேரம், பக்கத்திலேயே மலை, மூன்றும் இருந்தன.

ஆட்களின் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன். இறந்த ஆசிரியர்களில் சிலர் தங்கள் பிள்ளைகளையும் அன்று இழந்திருக்கக் கூடிய ஊர்க்காரர்கள். அவர்களைக் கூண்டில் ஏற்றுவது இந்த எழுத்தின் வேலை அல்ல.

பள்ளியும் ஊரும்

பள்ளி இருந்த காமயா என்ற கிராமம் கிதாகாமி ஆற்றின் கரையில் இருந்தது. கடல் அங்கிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர். பள்ளியில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் ஆறு 200 மீட்டர் தொலைவில்தான் ஓடியது. பள்ளி நின்ற நிலம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் சொச்சம் உயரம்தான். இரண்டு மாடிக் கட்டடம், மொட்டை மாடிக்கு ஏறிப் பிழைக்கும் வசதி இல்லை.

பள்ளிக்குப் பின்னாலேயே மலை. மைதானத்திலிருந்து அதன் அடிவாரத்துக்கு நடந்தால் சில நிமிடங்கள் கூட ஆகாது. அந்தச் சரிவில் குழந்தைகள் பாடத்தின் பகுதியாகக் காளான் வளர்த்திருக்கிறார்கள். அதாவது, அவர்களுக்குப் பழகிய இடம்.

மாநகராட்சி வெளியிட்டிருந்த அபாய வரைபடத்தில் சுனாமி நீர் எட்டும் பகுதிக்கு வெளியே பள்ளி இருந்தது. அதனால் பேரிடர் நேரத்தில் ஊர் மக்கள் வந்து தங்கும் இடமாகவே பள்ளி குறிக்கப்பட்டிருந்தது. இது பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள முக்கியம். "எல்லோரும் தப்பி ஓடி வரும் இடம்" என்று அரசே சொன்ன இடத்திலிருந்து, இன்னொரு இடத்துக்கு ஓடு என்று சொல்ல ஒருவருக்குத் தனித் துணிச்சல் வேண்டியிருந்தது.

கையேட்டில் இருந்த ஒரு வரி

ஒவ்வொரு பள்ளியும் பேரிடர்க் கையேடு வைத்திருக்க வேண்டும். ஓகாவாவிலும் இருந்தது. நிலநடுக்கம் வந்தால் முதலில் மைதானம். அங்கும் ஆபத்து, சுனாமி வரலாம் என்றால் அடுத்து எங்கே போவது? "அருகிலுள்ள காலி இடம், பூங்கா முதலியன" என்று எழுதியிருந்தது.

அப்படி ஒரு காலி இடமோ பூங்காவோ அந்தப் பகுதியில் தப்பிக்கும் உயரத்தில் இல்லை. இடத்தின் பெயர் இல்லை, வழி இல்லை, எவ்வளவு நேரமாகும் என்பது இல்லை. யாரோ எங்கோ எழுதிய மாதிரி வாசகம் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது போலத்தான் படிக்கும்போது தோன்றுகிறது. கையேடு நகரக் கல்வி வாரியத்துக்குப் போனது. அவர்களும் அதைச் சரிபார்க்கவில்லை. கோப்பில் ஒரு தாள் இருக்கிறதா என்று பார்த்தார்கள், அந்தத் தாளில் எழுதியிருக்கும் இடத்துக்கு நூற்றுச் சொச்சம் குழந்தைகள் நடந்து போக முடியுமா என்று யாரும் பார்க்கவில்லை.

பேரிடருக்கு இரண்டு நாள் முன்பு, மார்ச் 9 அன்று, 7.3 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. குழந்தைகள் மைதானத்தில் கூடினார்கள். சுனாமி வந்தால் மலைக்கு ஏற முடியுமா என்ற பேச்சு ஆசிரியர்களுக்குள் அப்போது எழுந்திருக்கிறது. முடிவு எதுவும் எட்டப்படவில்லை. இந்த வழக்கில் என்னை அதிகம் உறுத்துவது இந்த இரண்டு நாள்தான்.

மார்ச் 11, பிற்பகல்

2.46-க்கு நிலம் ஆடத் தொடங்கியது. 9.0 அளவு. வகுப்புகள் முடிந்து குழந்தைகள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். மேசைக்கு அடியில் போனார்கள், ஆட்டம் அடங்கியதும் வரிசையாக மைதானத்துக்கு வந்தார்கள். இதுவரை பயிற்சியில் செய்தது போலவே நடந்தது. ஆசிரியர்கள் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுத்தார்கள். தலைமையாசிரியர் அன்று விடுப்பில் இருந்தார். பொறுப்பு துணைத் தலைமையாசிரியரிடம்.

2.49-க்கு வானிலை ஆய்வு மையம் மியாகி கடற்கரைக்குப் பெரும் சுனாமி எச்சரிக்கை விடுத்தது. எதிர்பார்க்கும் உயரம் 6 மீட்டர் என்றது. 2.52 வாக்கில் ஊரில் நிறுவியிருந்த பேரிடர் ஒலிபெருக்கி அந்த எச்சரிக்கையை அறிவித்தது. மைதானத்தில் இருந்தவர்களுக்கு அது கேட்டது. 3.14-க்கு எதிர்பார்க்கும் உயரம் 10 மீட்டருக்கு மேல் என்று மாற்றப்பட்டது. வானொலியில் அது ஒலித்தது.

இடையில் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். பெயரைக் குறித்துக்கொண்டு ஆசிரியர்கள் குழந்தைகளை ஒப்படைத்தார்கள். வந்த பெற்றோரில் சிலர் சுனாமி வருகிறது, மலைக்கு ஏறுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பதற்றப்பட வேண்டாம் என்ற பதில் கிடைத்ததாக ஒரு தாய் பின்னர் சொன்னார். மலைக்குப் போகலாம் என்று பெரிய வகுப்பு மாணவர்கள் கேட்டதாகப் பிழைத்த குழந்தைகளின் சாட்சியம் உண்டு. ஆசிரியர்களிலும் மலையைச் சொன்னவர் இருந்தார். பள்ளிப் பேருந்து வாசலில் தயாராக நின்றது.

ஊரின் முதியவர்கள் பள்ளிக்குத் தப்பி வந்துகொண்டிருந்தார்கள். இங்கே வரை சுனாமி வந்ததே இல்லை என்பது அவர்களின் நினைவு. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு சரிவில் எப்படி ஏறுவது, அடுத்தடுத்து நிலம் ஆடும்போது மரம் சாய்ந்தால் என்ன செய்வது, குளிர் வேறு கடுமையாக இருக்கிறதே என்ற கவலைகளும் எழுந்தன. எதுவும் அர்த்தமில்லாத கவலை அல்ல. ஒரு சின்னக் காயத்துக்குக்கூடப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் ஆசிரியர்கள். கண்ணுக்குத் தெரியும் சின்ன ஆபத்தும் கண்ணுக்குத் தெரியாத பெரிய ஆபத்தும் ஒரே நேரத்தில் எதிரே நின்றால், மனித மனம் தெரிகிற ஆபத்தைத்தான் முதலில் தவிர்க்கப் பார்க்கும்.

3.30 வாக்கில் மாநகராட்சியின் அறிவிப்பு வாகனம் பள்ளியைக் கடந்து வேகமாகப் போனது. கடலோரத்தில் நாகாத்சுரா என்ற இடத்தின் பைன் தோப்பைத் தாண்டி அலை வந்துகொண்டிருக்கிறது, மேட்டுக்குப் போங்கள் என்று அதன் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே போனது. இது முன்னறிவிப்பு அல்ல. கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்ன செய்தி.

அதற்குப் பிறகுதான் மைதானத்திலிருந்து வரிசை கிளம்பியது. போன இடம் மலை அல்ல. ஆற்றுப் பாலத்தின் முனையில் சாலை ஓரமாக இருந்த முக்கோண வடிவ மேடு. மைதானத்தைவிட ஐந்தாறு மீட்டர் உயரம், அவ்வளவுதான். ஆனால் ஆற்றை நோக்கிப் போகும் திசையில் இருந்தது. அங்கே போய்ச் சேருமுன்பே, கரையை மீறி வந்த நீர் எதிரே வந்துவிட்டது. பள்ளிக் கடிகாரம் 3.37-இல் நின்றது. பள்ளியில் நீர் 8.6 மீட்டர் உயரம் வரை எழுந்தது. அந்த மேடும் அதில் மூழ்கியது.

அந்த வரிசையில் போனவர்களில் 4 குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் பிழைத்தார்கள்.

எங்கே அறுந்தது?

தகவல் தொடர்பு என்றால் கருவிகளைப் பற்றித்தான் நாம் வழக்கமாகப் பேசுவோம். இங்கே ஒலிபெருக்கி வேலை செய்தது. வானொலி வேலை செய்தது. பெற்றோர் வாய்மொழியாகச் சொன்னார்கள். கடைசியாக ஒரு வாகனமே வந்து சொன்னது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தெளிவாக இருந்தது.

செய்தி வந்தபோது அதைப் பிடித்துச் செயலாக்க ஒரு கை தேவை. "பெரும் சுனாமி எச்சரிக்கை என்ற சொல் காதில் விழுந்தால், இன்ன இடத்துக்கு, இன்ன வழியில், இன்னார் சொன்னதும் கிளம்புகிறோம்" என்று முன்பே முடிவாகியிருந்தால், 2.52-க்கு வந்த முதல் அறிவிப்பே போதும். அப்படி முடிவாகாததால் ஒவ்வொரு அறிவிப்பும் ஒரு புதிய விவாதத்தைத்தான் தொடக்கியது. மலையா, மேடா, இங்கேயே இருப்பதா? அமைதியான ஒரு நாளில், தேநீர் குடித்துக்கொண்டு, மலைப் பாதையை நடந்து பார்த்து முடித்திருக்க வேண்டிய விவாதம் குளிரில் நின்றிருந்த குழந்தைகளின் முன்னால் நடந்தது.

அதிகாரம் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் இல்லாத நேரத்தில் கடைசி வார்த்தை யாருடையது என்பது தாளில் இருந்திருக்கலாம். நடைமுறையில் ஊர்ப் பெரியவர்களின் கருத்து, சக ஆசிரியர்களின் தயக்கம், பெற்றோரின் பதற்றம் எல்லாம் ஒரே ஆளின் மீது வந்து இறங்கின. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் கிளம்புவது என்ற நிலை உருவானால் யாராலும் கிளம்ப முடியாது.

அதே நாளில் தோகுராவில்

வடக்கே மினாமி சன்ரிகு என்ற ஊரில் தோகுரா தொடக்கப் பள்ளி கடலுக்கு மிக அருகில் இருந்தது. சுனாமி வந்தால் பள்ளியின் மொட்டை மாடிக்கு ஏறுவதா, மேட்டு நிலத்துக்கு ஓடுவதா என்று அங்கே ஆசிரியர்களுக்குள் இரண்டு ஆண்டுகளாகக் கருத்து வேறுபாடு. மாடி பக்கத்தில் இருக்கிறது, சின்னக் குழந்தைகளும் சீக்கிரம் ஏறலாம் என்பது ஒரு தரப்பு. மாடியில் ஏறிவிட்டால் அதற்கு மேல் போக வழியில்லை என்பது இன்னொரு தரப்பு. உள்ளூர்க்காரர்களான ஆசிரியர்களின் அச்சத்தைத் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். பயிற்சியாக நடந்தும் பார்த்தார்கள்.

மார்ச் 11 அன்று அவர்கள் மேட்டுக்குப் போனார்கள். நீர் அங்கும் நெருங்கி வருவதைப் பார்த்து அதற்கும் மேலே இருந்த சிறு கோயிலுக்கு ஏறினார்கள். அந்த இரவைக் குழந்தைகளும் ஆசிரியர்களும் அங்கேயே கழித்தார்கள். பள்ளிக் கட்டடம் மாடியோடு மூழ்கிப்போனது. ஆசிரியர்களோடு மேட்டுக்குப் போன குழந்தைகள் பிழைத்தார்கள்.

இரண்டு பள்ளியிலும் விவாதம் இருந்தது, தயக்கம் இருந்தது. தோகுராவில் அது முன்பே நடந்து முடிந்திருந்தது.

பிறகு

ஓகாவாவில் நடந்ததைப் பெற்றோருக்கு விளக்க 2011 ஏப்ரலில் ஒரு கூட்டமும் ஜூனில் ஒரு கூட்டமும் நடந்தன. பெற்றோர் கேட்டது ஒன்றுதான்: அந்த நேரம் முழுக்க ஏன் மைதானத்தில் நின்றார்கள்? நேரான பதில் கிடைக்கவில்லை. பிழைத்த குழந்தைகளிடம் கல்வி வாரியம் வாக்குமூலம் வாங்கியபோது எழுதிய குறிப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்பது பின்னர் தெரியவந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு இது இரண்டாவது அடி. பேரிடருக்கு முன்பு பேசுவது எவ்வளவு முக்கியமோ, பேரிடருக்குப் பிறகு மறைக்காமல் பேசுவதும் அவ்வளவு முக்கியம். இந்த இடத்தில் நிர்வாகம் செய்ததற்கு என்னால் ஒரு நியாயமும் காண முடியவில்லை.

வெளியாட்களைக் கொண்ட ஆய்வுக் குழு அமைக்கப்பட்டு 2014-இல் அறிக்கை வந்தது. கிளம்பும் முடிவு தாமதமானது, தேர்ந்த இடம் ஆற்றுப் பக்கம் இருந்தது என்று அது சொன்னது. பெற்றோர் கேட்ட "ஏன்" அதில் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் 23 குழந்தைகளின் குடும்பங்கள் மாநகராட்சி மீதும் மாநில அரசு மீதும் வழக்குத் தொடுத்தன.

2016 அக்டோபரில் செண்டாய் மாவட்ட நீதிமன்றம் குடும்பங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வாகனம் எச்சரித்துக்கொண்டு போன நேரத்திலாவது ஆபத்தை உணர்ந்து மலைக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும் என்றது. அதாவது, கடைசி ஏழு நிமிடத்தில் மைதானத்தில் இருந்தவர்களின் தவறு.

2018 ஏப்ரல் 26 அன்று செண்டாய் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதைவிட ஆழமானது. பேரிடருக்கு முன்பே பள்ளியும் கல்வி வாரியமும் செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை என்று அது சொன்னது. அபாய வரைபடத்தில் பள்ளி வெளியே இருந்தாலும், தாழ்ந்த நிலம், பக்கத்திலேயே பெரிய ஆறு, நிலநடுக்கத்தில் கரை உடையலாம் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆபத்தை ஊகித்திருக்க முடியும். வரைபடத்தை அப்படியே ஏற்காமல், குழந்தைகளின் உயிருக்குப் பொறுப்பானவர்கள் அதைத் தங்கள் இடத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும். கையேட்டில் திட்டமான இடம் எழுதியிருக்க வேண்டும். பள்ளியிலிருந்து ஏறத்தாழ 700 மீட்டரில், பேஸ்பால் மட்டை செய்ய மரம் நட்டிருந்த ஒரு மேட்டுத் தோப்பை நீதிமன்றம் பொருத்தமான இடமாகச் சுட்டியது. இழப்பீடு ஏறத்தாழ 143 கோடி யென். 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது; தீர்ப்பு இறுதியானது.

மைதானத்தில் இறந்துபோன ஆசிரியர்கள் மீது மட்டும் இருந்த பழி, அந்த ஒரு வரியை எழுதியவர்கள் மீதும் அதைப் படிக்காமல் கோப்பில் வைத்தவர்கள் மீதும் இறங்கியது இந்தத் தீர்ப்பால்தான். எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது.

ஓகாவா பள்ளி 2018-இல் மூடப்பட்டது. இடிந்த கட்டடம் அப்படியே காக்கப்பட்டு 2021 முதல் நினைவிடமாகத் திறந்திருக்கிறது. மியாகி மாநிலத்தில் புதிதாகத் தலைமையாசிரியர் ஆகிறவர்களுக்கு 2020 முதல் அங்கே பயிற்சி நடக்கிறது. மகளை அங்கே இழந்த ஒரு தந்தை, அவரும் ஆசிரியராக இருந்தவர், வருபவர்களுக்கு அந்த இடத்தைச் சுற்றிக்காட்டுகிறார்.

மாற வேண்டியவை

நம் கரையில் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிகள் மூடியிருந்தன. பள்ளி நாளாக இருந்திருந்தால் நம் கடலோரத் தலைமையாசிரியர்கள் என்ன செய்திருப்பார்கள் என்ற கேள்வி அதனால் கேட்கப்படாமலே போய்விட்டது.

அன்று புதுச்சேரி அருகே நல்லவாடு கிராமத்தில் நடந்ததை இங்கே ஒப்பிடலாம். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள், மக்கள் ஓடிப் பிழைத்தார்கள். அந்த ஒலிபெருக்கி பேரிடருக்கென்று பூட்டி வைத்த கருவி அல்ல. அலை உயரம், மீன் நிலவரம் என்று நாள்தோறும் அதில் சொல்வார்கள். அதில் வரும் குரலை நம்பிச் செயல்படுவது மக்களுக்குப் பழகியிருந்தது. பேரிடர் நாளில் மட்டும் பேசும் கருவிக்கு அந்த நம்பிக்கை எளிதில் கிடைக்காது.

பள்ளிகளில் செய்ய வேண்டியவற்றில் நான் முதலில் வைப்பது கையேட்டை எடுத்துக்கொண்டு நடப்பதை. "பாதுகாப்பான இடம்", "அருகிலுள்ள மேடு", "உரிய அலுவலர்" போன்ற சொற்கள் எங்கெல்லாம் வருகின்றனவோ அங்கெல்லாம் ஊரில் வழங்கும் பெயரும் ஆளின் பெயரும் வர வேண்டும். முதல் வகுப்புக் குழந்தையின் நடையில் எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் பார்த்து எழுத வேண்டும். மழைக்காலத்தில் ஒரு முறையும் வெயில் காலத்தில் ஒரு முறையும் நடந்தால், பாதையில் எங்கே சேறு, எங்கே முள்வேலி, எந்தக் கதவுக்குப் பூட்டு என்பது தெரியும். சாவி யாரிடம் என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது, தலைமையாசிரியர் இல்லாத நாளில் பயிற்சி. நம் பள்ளிகளில் அவர்கள் கூட்டம், பயிற்சி, தேர்வுப் பணி என்று வெளியே போகும் நாள்கள் நிறைய. வேண்டுமென்றே அப்படி ஒரு நாளைத் தேர்ந்து ஒத்திகை வைக்க வேண்டும். பொறுப்பில் இருப்பவர் யாரையும் கேட்காமல் கிளம்பச் சொல்லலாம், அலை வராமல் போனால் அதற்காக அவரிடம் விளக்கம் கேட்கப்படாது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். வீணாக ஓடிவிட்டு வந்தால் கேலிக்கு ஆளாவோம் என்ற பயம் பலரைத் தடுத்து வைக்கிறது.

பெற்றோரிடம் ஒப்படைப்பது தனியாகத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். ஓகாவாவில் அழைத்துச் செல்லப்பட்டதால் பிழைத்த குழந்தைகள் உண்டு. ஆனால் வாசலில் பெற்றோர் வரிசை நிற்கும்வரை ஆசிரியர்கள் மைதானத்தை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் தேடி வருகிறவர்கள் அலையை நோக்கி வந்து நிற்பார்கள். "எச்சரிக்கை வந்தால் நாங்கள் பள்ளியில் இருக்க மாட்டோம், இன்ன இடத்தில் இருப்போம், அங்கே வாருங்கள்" என்பதை ஆண்டுத் தொடக்கத்தில், சேர்க்கைப் படிவத்தோடு சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்துக்கும் சொல்ல வேண்டும். பள்ளி கிளம்பும்போது ஊரும் அதோடு கிளம்பும் என்பது முன்பே பேசி வைத்த ஏற்பாடாக இருந்தால், மைதானத்தில் நின்று பெரியவர்களைச் சம்மதிக்க வைக்கும் வேலை ஆசிரியருக்கு இராது.

கடைசியாக, கையேட்டைப் பெற்றுக்கொள்ளும் கல்வி அலுவலகம். வந்து சேர்ந்தது என்று முத்திரை குத்துவதோடு அவர்கள் வேலை முடியக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது ஓர் அலுவலர் அந்தப் பள்ளிக்குப் போய், அதில் எழுதியிருக்கும் பாதையில் குழந்தைகளோடு நடந்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.